திருமலையில் கடைக்கு ஏசி எடுக்கிறீர்களா? முதலில் வெளியே தொங்கப்போகும் பெட்டியைப் பாருங்கள்

என்னுடையது திருகோணமலை டவுனில் போட்டோகொப்பி, பிரின்ட், லெமினேட்டிங், பைண்டிங் செய்கிற சின்னக் கடை. 12 அடி அகலம், 18 அடி நீளம், மேலே சீற் கூரை, அதற்குக் கீழே சீலிங், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஏசி போட்ட நாளிலிருந்து கொப்பி எடுக்க வருகிற பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் என்ன ஏசி, எத்தனை பிடியூ (மணிக்கு எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்ற அளவு), பில் எவ்வளவு வருகிறது என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று சொல்ல நேரமில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

எடுத்தது 18,000 பிடியூ, இன்வெர்ட்டர் (தேவைக்கேற்பக் கொம்பிரசர் வேகம் கூடிக் குறையும்), குளிரூட்டுவதற்கு ஆர்-32 காஸ், உள்ளே ஒரு பெட்டி வெளியே ஒரு பெட்டி என்று சுவரில் மாட்டுகிற சாதாரண ஸ்பிளிட். தென்மேற்குக் கச்சான் காற்றையும் கண்டுவிட்டது, வடகிழக்கு வாடையையும் கண்டுவிட்டது, நன்றாகத்தான் ஓடுகிறது. பிராண்ட் பெயரை எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அதையே போய் வாங்குவீர்கள், வாங்கிக் கடலைப் பார்த்தபடி மாட்டிவிட்டு என்னைத்தான் திட்டுவீர்கள். கண்டியில் பத்து வருடம் ஓடக்கூடிய மெஷினை இங்கே டச் பே கடற்கரைக் காற்றுக்கு நேரே மாட்டினால் பிராண்ட் வந்து காப்பாற்றாது.

நம்முடைய டவுன் இருக்கிற இடத்தை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் வெளிக்கடல், மறுபக்கம் உட்துறைமுகம், நடுவிலே ஒரு கழுத்து மாதிரி நிலம். வாடைக் காலத்தில் காற்று நேரே கடலிலிருந்து வருகிறது. கச்சான் காலத்தில் தரைப்பக்கத்திலிருந்து அனலாக வந்தாலும் பின்னேரமானால் கடற்காற்று திரும்பி உள்ளே வரும். எப்படிப் பார்த்தாலும் உப்பு இருக்கிறது. கடைக்கு முன்னால் நிற்கிற சைக்கிளின் செயினைப் பார்த்தாலே தெரியும். அவுட்டோர் பெட்டிக்குள்ளே செம்புக் குழாய், அதைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடு. இரண்டு வேறு உலோகம் ஒட்டி இருக்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் முதலில் அரிபடும். தகடு அரிபட்டால் சூடு வெளியே போகாது, அழுத்தம் ஏறும், கொம்பிரசர் திணறும், கரண்ட் கூட இழுக்கும், கடைசியில் காஸ் கசியும்.

பக்கத்து பாமசியில் குளிர் போதவில்லை என்று ரெக்னீசியன் தம்பி ஒருவர் வந்து அவர்களுடைய அவுட்டோரின் மூடியைக் கழற்றும்போது நானும் போய் நின்று பார்த்தேன். பின்பக்கத் தகடுகள் வெள்ளை பூத்துப்போய் இருந்தன. அவர் விரல் நுனியால் தொட்டார், அவ்வளவுதான், ஊதுபத்திச் சாம்பல் போலக் கொட்டியது. "அக்கா, காஸ் போறது உள்ள வாற பைப்பில இல்ல, பாருங்க, இந்த வளைவிலதான்" என்று ஓரத்தில் யூ மாதிரி திரும்புகிற செம்புக் குழாயைக் காட்டினார். பச்சை பிடித்து, எண்ணெய் கசிந்த அடையாளம். காஸோடு சேர்ந்து கொம்பிரசர் எண்ணெயும் கொஞ்சம் வெளியே வருமாம், அதனால் எண்ணெய்ப் பிசுக்கு எங்கேயோ கசிவும் அங்கேயே. அந்தப் பெட்டிக்கு மேலே அழகாகத் தகரக் கூரை போட்டு, வெயில் மழை படாமல் வைத்திருந்தார்கள். அதுதான் பிழை என்றார். நான் முதலில் நம்பவில்லை, யோசித்தால் சரிதான்: திறந்த வெளியில் இருக்கிற பெட்டியை மாரி மழை கழுவிவிடும், தாழ்வாரத்துக்குக் கீழே ஒளித்து வைத்த பெட்டியில் உப்புக் காற்று மட்டும் போகும், கழுவ எதுவும் வராது, உப்பு படிந்து படிந்து இருக்கும். போதாததற்குக் கூரை சூட்டுக் காற்றையும் திருப்பி உள்ளே அனுப்பிவிடும்.

ஆகவே நான் அவுட்டோரை மாட்டியது பக்கத்து ஒழுங்கைச் சுவரில். கடலும் நேரே தெரியாது, கச்சான் காற்றும் பேனுக்கு எதிரே வந்து அடிக்காது. பின்னால் ஒரு சாண் இடைவெளி, முன்னால் இரண்டடிக்குக் குறையாத வெளி. உயரம் கை எட்டுகிற உயரம், இது முக்கியம். செம்புப் பைப்பைக் களவெடுத்துவிடுவார்கள் என்று பயந்து பலர் மேல்மாடி உயரத்தில் மாட்டுகிறார்கள், அப்புறம் யார் ஏணி வைத்து ஏறிக் கழுவுவது? ஒருவரும் கழுவுவதில்லை. பயமாக இருந்தால் கிரில் கூடு அடியுங்கள், கழுவ வசதியாகத் திறக்கிற மாதிரி. ஸ்டாண்டுக்குக் கடையில் தருகிற பெயின்ட் அடித்த இரும்பை வாங்காதீர்கள், கல்வனைஸ் செய்ததை வாங்குங்கள், ஆணி, நட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் போடுங்கள். மொத்தச் செலவில் இது ஒரு தூசு.

கழுவுவது பெரிய வித்தை இல்லை. மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, தோட்டத்துக்கு அடிக்கிற குழாயால், வேகம் குறைத்து, மேலிருந்து கீழாக நல்ல தண்ணீர். கார் கழுவுகிற பிரஷரில் அடித்தால் தகடு மடங்கிவிடும். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதைப் பாவிக்கக்கூடாது என்று சொல்லவும் வேண்டுமா. இன்னொன்று, கெமிக்கல் வோஷ் என்று ஒரு போத்தலோடு வருவார்கள். சிலர் கொண்டுவருவது அசிட். அடித்தவுடன் நுரைத்துப் பளபளவென்று வரும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், தகட்டின் மேலே இருக்கிற பாதுகாப்புப் பூச்சும் அதோடு போய்விடும்.

அந்தப் பூச்சு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அவுட்டோரின் பின்பக்கத்தை எட்டிப் பாருங்கள். வெறும் வெள்ளி நிறம் என்றால் பூச்சு இல்லை. நீலமோ பொன்னிறமோ என்றால் இருக்கிறது. எல்ஜி கறுப்பு நிறப் பூச்சைக் கடலோரத்துக்கு என்றே சொல்லி விற்கிறது, பெயரே ஓஷன் பிளாக் ஃபின். பூச்சு இருந்தால் அரிபடாது என்றில்லை, மெதுவாக அரிபடும். முழுக்க அலுமினியத்தாலேயே செய்த கொயிலும் (குழாயும் தகடும் சேர்ந்த பாகம்) வருகிறது, விலை குறைவு. அதில் ஓட்டை விழுந்தால் செம்பைப் போல இலகுவாக வெல்ட் வைத்து ஒட்ட முடியாது, பெரும்பாலும் கொயிலையே மாற்றச் சொல்வார்கள். நான் செம்பு என்று கேட்டுத்தான் எடுத்தேன். சேல்ஸ் பெடியன் "எல்லாம் ஒண்டுதான் அக்கா" என்றான். ஒன்று இல்லை தம்பி.

சரி, அளவுக்கு வருவோம். நான் விசாரித்த ஒரு கடையில் 24,000 எடுங்கள், சட்டென்று குளிரும் என்றார்கள். இன்னொரு இடத்தில் 216 சதுர அடிதானே, 12,000 போதும் என்றார்கள். இரண்டு பேருமே என் கடைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கணக்கு இப்படித்தான் போட்டேன். நம் வெயிலுக்குச் சதுர அடிக்கு 60 பிடியூ என்று வைத்தால் அறைக்கு மட்டும் கிட்டத்தட்ட 13,000. போட்டோகொப்பி மெஷினுக்குள் பேப்பரில் மையை உருக்கி ஒட்டுகிற பியூசர் உருளை 200 பாகை செல்சியஸ் வரை சூடாகும், அந்தச் சூடு முழுக்க அறைக்குள்தான் வருகிறது. ஒரு வாட் என்பது மணிக்கு 3.4 பிடியூ. பெரிய மெஷின் சராசரியாக 600 வாட் இழுத்தால் அதற்கு 2,000, கணினி, பிரின்டர், லெமினேட்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு 1,000. ஆட்கள் தலைக்கு 600. சாதாரண நேரத்தில் நாலு பேர் கூடுதலாக நிற்பார்கள் என்று போட்டால் 2,400. கூட்டிப் பாருங்கள், 18,000ஐக் கொஞ்சம் தாண்டுகிறது. ஓஎல், ஏஎல் பரீட்சைக்கு முந்தின வாரங்களில் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களுக்கு அடைந்து நிற்பார்கள், அப்போது எந்த ஏசிக்கும் கஷ்டம்தான், அந்த இரண்டு வாரத்துக்காக ஒரு சைஸ் பெரிதாக வாங்க முடியாது.

பெரிதாக வாங்கினால் என்ன, நல்லதுதானே என்பவர்களுக்கு: துணிக்கடைக்கு அது பரவாயில்லையோ என்னவோ, பேப்பர் வைத்திருக்கிறவர்களுக்குக் கூடாது. ஏசி செய்கிற வேலை இரண்டு, குளிர்விப்பது, காற்றில் இருக்கிற ஈரத்தை எடுப்பது. அளவுக்கு மிஞ்சிய மெஷின் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு அடங்கிவிடும், ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. மார்கழி மழையில் ஏ4 கட்டைப் பிரித்து வைத்தால் மத்தியானத்துக்குள் ஓரம் சுருண்டு, மெஷினுக்குள் இரண்டு மூன்று தாளாக ஒட்டிக்கொண்டு போய் ஜாம் ஆகும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரிமோட்டில் தண்ணீர்த்துளி படம் போட்ட ட்ரை மோட் என்று ஒன்று இருக்கிறதே, யாரும் அமத்தாத பட்டன், வாடைக் காலம் முழுக்க என் கடையில் அதுதான் ஓடுகிறது. இந்த மெஷினில் எனக்குப் பிடித்த ஒரே ஒரு அம்சத்தைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். வைஃபை இருக்கிறது, ஒருநாளும் தொட்டதில்லை.

இன்டோரை எங்கே மாட்டுவது என்பதில் பொருத்த வந்தவர்களோடு சின்னச் சண்டை. அவர்களுக்கு வசதியான சுவர், கொப்பி மெஷினுக்கு நேர் மேலே. பைப் குறையும், வேலை சுருக்கமாக முடியும். ஆனால் தண்ணீர் போகிற குழாய் என்றைக்கோ ஒருநாள் அடைபடத்தான் செய்யும், அடைபட்டால் ஒழுகுவது இன்டோரிலிருந்துதான், ஒழுகினால் பல லட்சம் ரூபாய் மெஷினுக்குள். எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொன்னேன். கதவுக்கு நேரேயும் மாட்டக்கூடாது, கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் குளிர் நேரே தெருவுக்குப் போகும். கதவு தானாக மூடுகிற குளோசர் ஒன்று போட்டுவிடுங்கள், "கதவைச் சாத்துங்கோ" என்று நாள் முழுக்கக் கத்த முடியாது.

இலவசப் பொருத்தல் என்பதில் பெரும்பாலும் பத்தடிப் பைப்தான் அடங்கும். அதற்கு மேலே அடிக்கணக்கில் காசு. நான் எதிர்ச் சுவருக்கு மாறியதால் கூட வந்தது, கொடுத்தேன். 18,000க்குப் பொதுவாகக் கால் அங்குலக் குழாய் ஒன்று, அரை அங்குலக் குழாய் ஒன்று போகும். இரண்டுக்கும் தனித்தனியாக இன்சுலேஷன் போட வேண்டும், சேர்த்துச் சுற்றினால் வியர்த்து ஒழுகும்.

இனி எல்லாரும் கவனிக்க வேண்டிய இடம். பைப் பூட்டியதும் உள்ளே இருக்கிற சாதாரணக் காற்றையும் ஈரத்தையும் வெக்யூம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் காஸைத் திறந்துவிட வேண்டும். விற்ற கடை அனுப்பிய ஆட்களிடம் பம்ப்பே இல்லை. கொஞ்சம் காஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிடலாம், எல்லா இடத்திலும் அப்படித்தான் என்றார்கள். பழைய ஆர்-22 காஸ் காலத்துப் பழக்கம் அது. ஆர்-32 தீப்பற்றக்கூடிய காஸ், கடைக்குள் அதைத் திறந்துவிட்டு விளையாட முடியாது. அதோடு உள்ளே ஈரம் தங்கினால் கொம்பிரசர் எண்ணெய் கெட்டுப்போகும், அது உடனே தெரியாது, வொறண்டி முடிகிற காலத்தில்தான் தெரியும். நான் விடவில்லை. பாமசிக்கு வந்த அதே தம்பியைக் கூப்பிட்டுத் தனியாகக் காசு கொடுத்து, பம்ப் போட்டு, கேஜ் முள் இறங்கியபின் பம்பை நிறுத்தி, முள் அசையாமல் நிற்கிறதா என்று அரை மணித்தியாலம் பார்த்துவிட்டுத்தான் திறக்க வைத்தேன். கடைக்காரர்கள் முகம் கோணிக்கொண்டு போனார்கள். பரவாயில்லை.

ஆர்-32 தீப்பிடிக்கும் என்றதும் பயப்படவும் வேண்டாம். மெதுவாக எரியக்கூடிய வகை, சமையல் காஸ் அளவுக்கு ஆபத்தானது இல்லை. புவி வெப்பமாதலுக்கு ஆர்-410ஏ என்ற மற்ற ஏசி காஸ் செய்கிற கேட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இது செய்யும், கரியமில வாயுவை 1 என்று வைத்தால் 2088க்கு 675 என்று கணக்கு. நமக்கு அதைவிடப் பெரிய வசதி, காஸ் கொஞ்சம் குறைந்தால் மேலே நிரப்பிக்கொள்ளலாம். 410 இரண்டு காஸின் கலவை, முழுக்க எடுத்துவிட்டுத் திரும்ப எடைபோட்டு ஏற்றுவதுதான் முறை.

மின்சாரம். தனி லைன், தனி பிரேக்கர், நாலு சதுர மில்லிமீற்றர் வயர், நல்ல ஏர்த். இருக்கிற பிளக்கில் செருகிவிடலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். இடி மின்னல் காலத்தில், அதாவது சித்திரையைச் சுற்றியும் ஐப்பசி கார்த்திகையிலும், கடை பூட்டும்போது பிரேக்கரை இறக்கிவிட்டுப் போங்கள். இன்வெர்ட்டர் மெஷினின் உயிர் அவுட்டோருக்குள் இருக்கிற எலெக்ட்ரோனிக் போர்டில்தான் இருக்கிறது, அது போனால் மெஷின் விலையில் பெரிய பங்கு போகும். மின்னல் மட்டுமில்லை, பல்லி உள்ளே புகுந்து போர்டில் ஒட்டிச் செத்து ஷோர்ட் ஆவதும் நடக்கிற விஷயம், வயர் போகிற ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

அதனால்தான் எல்லாருக்கும் இன்வெர்ட்டர் என்று நான் சொல்லமாட்டேன். காலை எட்டரைக்குப் போட்டு மாலை வரை ஓடுகிற கடைக்கு இன்வெர்ட்டர். பின்னேரம் இரண்டு மணித்தியாலம் மட்டும் நடக்கிற டியூஷன் வகுப்புக்கு, மெஷின் அடங்கி ஓடத் தொடங்கும்போதே வகுப்பு முடிந்துவிடும், மிச்சம் பெரிதாக வராது. அவர்களுக்கு ஒரே வேகத்தில் ஓடுகிற பழைய ஃபிக்ஸ்ட் மெஷின் போதும், போர்டு அவ்வளவு சிக்கல் இல்லை, எந்த ரெக்னீசியனும் திருத்துவார்.

பில் பற்றி. அறை சூடாக இருக்கும்போது என் மெஷின் 1.6 கிலோவாட் சுற்றி இழுக்கும், குளிர்ந்தபின் 500, 700 வாட்டுக்கு இறங்கிவிடும். 26இல் வைத்துச் சீலிங் பேனையும் மெதுவாகச் சுற்றவிட்டால் நாளைக்கு ஆறு, ஏழு அலகு. வேலை செய்கிற பையன் வெயிலில் வந்து 16க்கு இறக்கிவிட்டு மறந்துபோகிற நாட்களில் பத்தைத் தொடும். 16இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைக்கிறார்கள், வேகம் ஒன்றுதான், நிற்கிற இடம்தான் வேறு. கடைகளுக்கு வீட்டு வீதம் போடமாட்டார்கள், பொதுத் தேவை என்ற வகை, அதில் மாதம் 180 அலகைத் தாண்டினால் கூடிய வீதத்துக்குப் போய்விடுவீர்கள். ஏசி மட்டுமே மாதம் 160, 180 அலகு தின்னும் என்றால் கடையின் மிச்சப் பாவனையோடு கட்டாயம் தாண்டும். அதை முதலே கணக்கில் எடுத்துவிட்டு வாங்குங்கள், முதல் பில்லைப் பார்த்து அதிர வேண்டாம். நான் முன் கண்ணாடிக்குச் சூடு தடுக்கிற ஸ்டிக்கர் ஒட்டினேன், மேற்கு வெயில் விழுகிற கடை, ஒட்டியபின் பின்னேரம் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

குறை என்று சொன்னால் பில்டர். ரோனர் மைத் தூசு, பேப்பர் தூசு இரண்டும் சேர்ந்து பத்து நாளில் சாம்பல் நிறப் பாய் மாதிரி மூடிவிடும். வீட்டில் மாதம் ஒருமுறை கழுவினால் போதும் என்று புத்தகத்தில் இருக்கிறது, இந்தத் தொழிலுக்கு அது சரிவராது. சலூன்காரர்களுக்கும் முடியால் இதே பிரச்சினை. அப்புறம் காற்று வீச்சு: ஸ்விங் போட்டால் தட்டில் இருக்கிற தாள் பறக்கும், காற்றைத் திருப்புகிற தகட்டை மேலே பார்க்க நிறுத்தி வைத்திருக்கிறேன். சத்தம் உள்ளே ஒன்றும் இல்லை. வெளியே மத்தியானம் கொஞ்சம் இரையும், ஒழுங்கையில் யாரும் முறையிடவில்லை.

வொறண்டி. பெட்டியில் பெரிய எழுத்தில் கொம்பிரசருக்கு 10 வருடம் என்று இருக்கும். கொம்பிரசருக்கு மட்டும். போர்ட், கொயில், காஸ், கூலி எல்லாம் வேறு கணக்கு. அட்டையின் பின்பக்கத்தைக் கடையில் நின்றே வாசியுங்கள், வர்த்தகப் பாவனைக்குக் காலம் குறையுமா, கடலோரத் துருவுக்குப் பொறுப்பில்லை என்று எங்காவது இருக்கிறதா என்று. நான் பார்த்தவற்றில் சிலதில் இருந்தது, விற்கிற ஆட்களுக்கே தெரியவில்லை. சேர்விஸ் ஆள் எங்கிருந்து வருவார் என்பதையும் கேளுங்கள். கொழும்பிலிருந்து என்றால் 250 கிலோமீற்றருக்கு மேலே, இந்தப் பக்கம் இன்னும் நாலு வேலை சேரும் வரை வரமாட்டார், அதுவரை ஆனி மாதத்தில் உட்கார்ந்து விசிற வேண்டியதுதான். திருமலையிலேயே பாகம் வைத்திருக்கிற, பம்ப் வைத்திருக்கிற ஆள் இருக்கிற பிராண்ட் எது என்று முதலில் விசாரித்து, அதற்குள்ளே செம்புக் கொயிலும் பூச்சும் உள்ளதைத் தேர்ந்து, அதற்குப் பிறகு விலையைக் கதையுங்கள். தவணைக்கு எடுப்பதென்றால் கைக்காசு விலையையும் எழுதி வாங்குங்கள், இரண்டுக்கும் இடையில் வருகிற வித்தியாசத்தில் ஸ்டாண்ட், பைப், கண்ணாடி ஸ்டிக்கர் எல்லாம் முடிந்துவிடும்.